பட்டுக்குள் பேசிய மடிக்கணினி

அத்தியாயம் 17

மனித குலம் கணினியைக் கண்டுபிடித்த நாள் முதல் இன்றுவரை, ஒரு வைரஸ்கூட வாசற்படி மிதிக்காத மடிக்கணினி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது மலாக்கா மாநிலம், குருபோங், தாமான் செம்பக்காவில் கடைசி வரிசை மூலை வீட்டில் இருக்கிறது.

இதைச் சொன்னவர் அந்த வீட்டுக்காரர் திருச்செல்வம். சொன்ன இடம் கோயில் மண்டபம். கேட்டவர்களில் பாதிப் பேர் பேச்சுக்குப் பிறகு கிடைக்கவிருந்த மீகூன் நூடுல்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மடிக்கணினியின் இடப்பக்கக் கீல் விட்டுப்போய்க் கறுப்பு டேப் சுற்றியிருந்ததை அவர் மேடையில் சொல்லவில்லை.

இந்தக் குடும்பத்தோடு சில வாரமாகப் பழகியவர்களுக்குத் திருச்செல்வத்தைத் தெரியும். இன்றைக்குத்தான் கதவைத் தட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மலாக்கா டவுனில் ஓர் அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் அவர் சொன்னதைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு மிஞ்சியவை ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு மடிக்கணினி. மூன்றையும் ஒரே மாதிரி பாதுகாத்தார்.

‘அரண் வேண்டாம், ஒழுக்கம் போதும்’ என்பது அவருடைய கொள்கை. தனியாக ஆன்டிவைரஸ் எதுவும் ஏற்றக் கூடாது. கணினியோடு கூடவே வருகிற காவல் போதும். மீதியை மனிதன் பார்த்துக்கொள்ள வேண்டும். கொள்கையில் தப்பில்லை. அதைப் பேனராக அடித்து, தாடையில் கை வைத்த தன் படத்தையும் போட்டு, மண்டபத்தில் கட்டியிருந்தார். அந்தப் பேனர் இப்போது கோயில் விறகுக் கொட்டகையை மழை படாமல் காக்கிறது.

வீட்டில் அந்த ஒழுக்கம் வேறு மாதிரி இருந்தது. வெளியிலிருந்து வரும் பென்டிரைவ் உள்ளே வரக் கூடாது. அவர் மனைவி பவானேஸ்வரியின் அண்ணன் வீட்டுக் கல்யாண வீடியோ இன்றுவரை வாசலில் செருப்பு அலமாரியில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் கணினிக்கு அப்டேட் நடக்கும்; முடியும்வரை யாரும் மிக்சி போடக் கூடாது. திரைக்கு மேலே இருந்த கேமராக் கண்ணைப் பவானேஸ்வரியின் அரக்குநிற ஸ்டிக்கர் பொட்டு ஒன்று மூடியிருந்தது.

கணினிக்குள் இரண்டு கணக்குகள். ஒன்றின் பெயர் ‘கெதுவா’, மலாயில் தலைவர். இன்னொன்று ‘ரூமா’, அதாவது வீடு. எதையும் ஏற்றவும் இறக்கவும் அதிகாரம் கெதுவாவுக்கு மட்டும். ரூமாவில் பார்க்கலாம், படிக்கலாம், தட்டச்சு செய்யலாம். ஒரு கால்குலேட்டரைக்கூட ஏற்ற முடியாது.

ரூமாவில் குடியிருந்தவர்கள் பவானேஸ்வரியும் மகள் திவ்யதர்ஷினியும்.

போன வாரம்தான் அந்தச் சம்பவம் நடந்தது. தீபாவளிக்கு ஜாக்கெட் தைத்துத் தரும் வேலை பவானேஸ்வரிக்கு மலைபோல் குவிந்திருந்தது. பக்கத்து வீட்டு மீனம்மாவுக்கு முதுகில் மயில் கழுத்து வைத்த மாடல் வேண்டுமாம். படம் தேடிப்போன பக்கத்தில் ஒரு பெட்டி குறுக்கே வந்து நின்றது. ‘அனுமதி’ என்பதை அமுக்கினால்தான் நகர்வேன் என்றது. அமுக்கினாள். நகர்ந்தது.

அன்றிலிருந்து திரையின் மூலையில் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்றது.

கணவனிடம் சொல்லிவிட நினைத்தாள். ஆனால் சொன்னால் திட்ட மாட்டார். அதுதான் பயம். அடுத்த கூட்டத்தில் உதாரணமாகச் சொல்வார். பெயரைச் சொல்ல மாட்டார். ‘எனக்கு மிக நெருங்கிய ஒரு பெண்மணி’ என்பார்.

அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

*

இன்று சரஸ்வதி பூஜை.

திருச்செல்வம் பூவும் பொரியும் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். திவ்யா அறைக்குள் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் அவளுக்கு இண்டர்வியூ. அதுவும் இந்தக் கணினி வழியாகத்தான். அவளுடைய சொந்த லேப்டாப் படிப்பு முடிந்த கையோடு உயிரை விட்டிருந்தது.

கணக்கியல் படித்துவிட்டு வந்த பெண். இந்த வருடம் முழுக்க வீட்டிலேயே கிடக்கிறாள். இப்போது கூப்பிட்டிருக்கும் கம்பெனி, காரில் ஆறு மணி நேரத் தொலைவில், பினாங்கில் இருக்கிறது. அது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவிடம் ‘ஒரு கம்பெனி’ என்று சொல்லியிருந்தாள். ஊர்ப் பெயரைச் சொல்ல இன்னும் துணிச்சல் வரவில்லை.

இந்த வேலை கிடைத்துவிட வேண்டும் என்று பவானேஸ்வரி வேண்டாத சாமியில்லை. ஒருத்தியாவது ரூமாவை விட்டு வெளியே போகட்டும்.

நாளைக்குக் கணினி ஒழுங்காக ஓடுமா என்று பார்க்கத்தான் மூடியைத் திறந்தாள். மூலையில் சிவப்பு வந்தது. அது பழகிவிட்டது. அடுத்து வந்தது பழகாதது.

ஒரு பெண் பேசினாள்.

“வார்னிங். த்ரெட் டிடெக்டட்.”

ஏர்போர்ட்டில் விமானம் தாமதம் என்று அறிவிக்கிற மாதிரிக் குரல். கோபமில்லாத, அவசரமில்லாத இங்கிலீஷ்க் குரல்.  பவானேஸ்வரி படக்கென்று மூடினாள்.

மூடிக்குள் இருந்தும் அவள் இன்னொரு தடவை பேசினாள். மூடினாலும் தூங்காதபடி திருச்செல்வம்தான் அமைத்திருந்தார். காவல் தூங்கக் கூடாதாம்.

வாசலில் கார்ச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. எங்கே மறைப்பது? அலமாரியில் வைத்தால் தேடுவார். மெத்தைக்குக் கீழே வைத்தால் சூடேறி எரிந்தாலும் எரியும்.

ஹாலில் சரஸ்வதி படம் பூவுக்காகக் காத்திருந்தது. முன்னால் திவ்யாவின் பழைய புத்தகங்கள். பக்கத்தில் குங்குமம் வைத்த தையல் மிஷின், கத்தரிக்கோல். இவற்றை நாளைக் காலைவரை யாரும் தொடக் கூடாது. கெதுவாகூடத் தொடக் கூடாது.

பவானேஸ்வரி மடிக்கணினியை ஒரு பச்சைப் பட்டுத் துணியில் சுற்றினாள். புத்தகங்களின் மேலே வைத்தாள். பட்டின் நடுவில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தாள்.

மூச்சு விட்டாள். ஒரு நாள் கிடைத்திருக்கிறது. அதற்குள் ஏதாவது வழி பிறக்கும்.

அந்த மூச்சு முடிவதற்குள் திவ்யா போனோடு ஓடி வந்தாள்.

“அம்மா, லேப்டாப் எங்க?”

“சாமிகிட்ட.”

“சாமிகிட்டயா? எடும்மா! இப்பதான் மெசேஜ் வந்துச்சு. இண்டர்வியூவ இன்னிக்கு நாலு மணிக்கு மாத்திட்டாங்க.”

“இன்னிக்கு பூஜைடி!”

“அவுங்களுக்கு வேல நாள்தானே? அந்த மேனேஜர் சீனன். அவருகிட்டப் போயி சரஸ்வதி பூஜைன்னா என்னா புரியும்?”

“போன்ல பண்ண முடியாதா?”

“டெஸ்ட் இருக்கும்மா. ஸ்கிரீன்ல கணக்குப் போட்டுக் காட்டணும். அந்த லிங்க் கம்ப்யூட்டர்லதான் திறக்கும்.”

பவானேஸ்வரி பட்டுத் துணியைப் பார்த்தாள். இப்போது எடுத்துக் கொடுத்தால் அந்தப் பெண் பேசுவாள். பினாங்கு மேனேஜர் முன்னாலேயே பேசுவாள். கொடுக்காவிட்டால் மகள் நாலு மணிக்கு வெறுஞ்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

“அப்பா வரட்டும்” என்றாள். அதைவிடக் கோழையான பதில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

*

திருச்செல்வம் வந்தார். பூப்பொட்டலத்தோடு ஹாலில் நின்றவர் பட்டுக்குள் இருப்பது என்னவென்று தெரிந்ததும் கண் கலங்கினார். மாமனார் செத்தபோதுகூட அவர் அப்படிக் கலங்கியதில்லை.

“பவா... நீயா வச்ச?”

“ஆமாங்க.”

“இத்தன வருஷமா நான் சொன்னது வீண் போகல.” போனை எடுத்தார். “தலைவர் இத நேர்ல பாக்கணும்.”

தலைவர் என்பது சாமிக்கண்ணு. குருபோங் வட்டார இந்தியர் விழிப்புணர்வு மறுமலர்ச்சிக் கழகத்தின் தலைவர். பெயரைவிட உறுப்பினர் பட்டியல் சின்னது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மலாக்கா டவுனில் மாநில அளவில் ஒரு கூட்டம். அதில் திருச்செல்வம் பேச வேண்டும் என்று நேற்றுக் காலையில்தான் முடிவு செய்து சொல்லியிருந்தார்.

“அப்பா, எனக்கு நாலு மணிக்கு இண்டர்வியூ. லேப்டாப் வேணும்” என்றாள் திவ்யா.

“பூஜையில வச்சத எடுக்கறதா? சரஸ்வதிய எந்திரிச்சு வெளிய போன்னு சொல்ற மாதிரி.”

“வேலைக்குப் போகாதன்னு சரஸ்வதி எங்கப்பா சொன்னாங்க?”

“நாள மாத்தச் சொல்லு.”

“மாத்தினதே அவுங்கதான்! சரி, நான் தெங்கேராவுல சைபர் கஃபேக்குப் போயிடறேன்.”

“அங்கயா?” திருச்செல்வத்தின் குரல் மேடைக்குப் போனது. “அந்த கம்ப்யூட்டருல நாட்டுல உள்ள வைரஸெல்லாம் பொண்டாட்டி புள்ளையோட குடியிருக்கு. அதுல உன் பாஸ்வர்ட அடிச்சின்னா, நாளைக்கு உன் பேர்ல எவனோ கடன் வாங்குவான்.”

“மீனம்மா ஆண்ட்டி வீட்டுல?”

“அவுங்க வீட்டுல படத்தையெல்லாம் எங்கேருந்து இறக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? தாக் போலே.”

தாக் போலே என்றால் முடியாது. அரசாங்க ஆபீஸில் அவர் அதிகம் பயன்படுத்திய சொற்கள் அவை.

திவ்யா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்கிற பார்வை. பவானேஸ்வரி வாயைத் திறந்தாள். எந்த வார்த்தையை எடுத்தாலும் அது அந்த ‘அனுமதி’ப் பெட்டியில் போய் முடியும் போலிருந்தது. வடைக்கு உளுந்து அரைக்கிற சாக்கில் குசினிக்குள் போனாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை மூடினார்கள். வீடு இன்னும் சின்னதாகிவிட்டது.

*

சாமிக்கண்ணு மூன்றரைக்கு வந்தார், பொன்னாடையோடு. அவருடைய காரின் பின்பக்கத்தில் எந்நேரமும் ஒரு பொன்னாடை இருக்கும். போர்த்துவார், படம் எடுப்பார், கிளம்பும்போது மடித்து வாங்கிக்கொள்வார். அந்த ஒரு பொன்னாடை தொடாத தோள் குருபோங்கில் குறைவு.

“ஆகா!” என்று பட்டுப் பொதியைக் கும்பிட்டார். “அறிவும் அருளும் ஒரே மேசையில். திரு, இந்தப் படம் நம்ம குரூப்புல போனா மத்த வட்டாரமெல்லாம் வாயடைச்சுப் போயிடும்.”

பொன்னாடை திருச்செல்வத்தின் தோளில் ஏறியது. மடிக்கணினியின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். மீனம்மாவும் பூஜைக்கு வந்து பின்னால் நின்றாள்.

திவ்யா ஓரமாக நின்றாள். மேலே வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. கீழே பூப்போட்ட பாத்திக் கைலி. கேமராவில் மேல்பாதிதான் தெரியும் என்று போட்ட உடுப்பு. நம்பிக்கையை அவள் இன்னும் முழுசாகக் கழற்றவில்லை.

“உஸ்ஸுனு ஒரு சத்தம் கேக்குதே?” என்றார் சாமிக்கண்ணு. “அம்பாள் மூச்சு விடற மாதிரி இருக்கு.”

“ஃபேன் ஓடுது, தலைவரே. உள்ள வேல நடக்குது.”

கற்பூரம் ஏற்றினார்கள். திருச்செல்வம் தட்டைக் கையில் எடுத்தார்.

“வார்னிங்” என்றாள் பட்டுக்குள் இருந்தவள்.

பவானேஸ்வரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் கேட்டது மணிச் சத்தம். கண்ணைத் திறந்தால், திருச்செல்வம் இன்னொரு கையால் பூஜை மணியை எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். யார் பேசியது என்று அவர் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

“யாரோ இங்கிலீஷ்ல பேசினாப்ல இருந்துச்சே?” என்றார் சாமிக்கண்ணு.

“பக்கத்து வீட்டு டிவி.”

“எங்க வீட்டு டிவி போன மாசமே போச்சுலா” என்றாள் மீனம்மா.

“த்ரெட் டிடெக்டட்.”

மணி பலமாக அடித்தது. கற்பூரம் எரிந்து முடிந்தது. மணி நிற்கவில்லை. திருச்செல்வத்தின் நெற்றியில் வேர்வை வழிந்து விபூதி கரைந்தது. சாமிக்கண்ணு கும்பிட்ட கையை இறக்கலாமா, கூடாதா என்று தெரியாமல் நின்றார். வீட்டில் இவ்வளவு நேரம் மணியடித்து அவர் பார்த்ததில்லை; திருவிழாவிலும் பார்த்ததில்லை.

திவ்யா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினாள். இரண்டாவது பொத்தானுக்குக் கை போனது.

அழவில்லை, சண்டை போடவில்லை. துணியை மடித்து வைக்கப் போகிறவள் மாதிரிக் கழற்றினாள். பவானேஸ்வரிக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை.

“நான்தாங்க” என்றாள்.

மணி நின்றது.

“அதுக்குள்ள வைரஸ் இருக்கு. நான்தான் விட்டேன். ஜாக்கெட் படம் பாத்தேன், ஒரு பெட்டி வந்துச்சு, அமுக்கிட்டேன். பயத்துல கொண்டாந்து சாமிகிட்ட ஒளிச்சு வச்சேன்.” எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கீழே வைத்தாள். பட்டோடு மடிக்கணினியைத் தூக்கி மகளிடம் நீட்டினாள். “சாமி குத்தத்த நான் சாமிகிட்டப் பேசிக்கறேன். நீ போயி உக்காரு. பொத்தானப் போடு.”



திருச்செல்வம் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கோபக்காரன் விடுகிற மூச்சாக அது இல்லை என்று பவானேஸ்வரிக்குப் பிறகுதான் தோன்றியது.

“கேட்டீங்களா, தலைவரே?” என்றார் துக்கத்தோடு. “ஊருக்கெல்லாம் சொல்றேன். ஆனா எனக்கு மிக நெருங்கிய ஒரு பெண்மணியே...”

“மனசு தளராதீங்க, திரு. தங்கச்சி, நீங்களும் அழாதீங்க” என்றார் சாமிக்கண்ணு, அவள் அழாதபோதே. “ஞாயித்துக்கிழமை இதையே ஒரு பாடமாச் சொல்லிடலாம். சனங்க மனசுல நிக்கும்.”

*

தையல் அறை வெட்டுமேசையில் கிடந்த ஜாக்கெட் துணிகளை ஒதுக்கிவிட்டு, திவ்யா மடிக்கணினியைத் திறந்தாள். பட்டை அவிழ்த்தபோது விரலில் ஒட்டிய சந்தனம் விசைகளின் இடுக்கில் இறங்கியது. எல்லோரும் பின்னாலேயே வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகவும் தயாராக இல்லை.

மூலையில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

“இதாம்மா நீ சொன்னது?”

“அதேதான்.”

திவ்யா எங்கேயோ போய் எதையோ இரண்டு தட்டுத் தட்டினாள். சிவப்பு மறைந்துபோனது.

“இது வைரஸே இல்லம்மா. சும்மா நோட்டிசு. நீ அனுமதி குடுத்துட்ட, அது வந்து வந்து கத்திக்கிட்டு இருந்துச்சு. அனுமதிய எடுத்தாச்சு. அவ்ளோதான்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

ஒரு வாரமாகத் தூக்கிச் சுமந்தது இரண்டு தட்டில் போய்விட்டது. பவானேஸ்வரிக்குச் சிரிப்பதா, யாரையாவது அடிப்பதா என்று தெரியவில்லை.

திவ்யா இண்டர்வியூ லிங்க்கை அமுக்கினாள்.

“வார்னிங். த்ரெட் டிடெக்டட்.”

பக்கம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மறுபடி அமுக்கினாள். மறுபடி அதே குரல், அதே மூடல்.

“அப்படின்னா இவ யாரு?” என்றாள் திவ்யா.

“உங்கம்மா வேற எதையாச்சும் ஏத்தியிருப்பா” என்றார் திருச்செல்வம் வேகமாக.

“அம்மா, எந்தக் கணக்குல போயி பாத்த?”

“எனக்கு வேற எது தெரியும்? ரூமாதான்.”

“ரூமாவுல எதையும் ஏத்த முடியாதே. கால்குலேட்டர்கூட ஏறாது.” திவ்யா நாற்காலியைத் திருப்பினாள். “அப்பா, நீங்களே அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கீங்க. மண்டபத்துலகூட சொன்னீங்க. அம்மா நெனச்சாலும் இவள உள்ள கொண்டாந்திருக்க முடியாது.”

மீனம்மா திருச்செல்வத்தைப் பார்த்தாள். சாமிக்கண்ணு பார்த்தார். பவானேஸ்வரி கடைசியாகப் பார்த்தாள். மணியடித்த கை இப்போது பொன்னாடையின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

“கெதுவா பாஸ்வர்ட் வேணும்ப்பா. உள்ள போயி நிறுத்தினாத்தான் லிங்க் திறக்கும்.”

“பாஸ்வர்ட யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அது அடிப்படை.”

“சொல்ல வேணாம். நீங்களே அடிங்க.”

“இத... பூஜை முடிஞ்சு நிதானமா...”

“நேரமாச்சுங்க” என்றாள் பவானேஸ்வரி. உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் கேள்வியாக இல்லாமல் முடித்த வாக்கியங்கள் குறைவு. திருச்செல்வம் உட்கார்ந்தார்.

“எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினார்கள். மறுமலர்ச்சிக் கழகத்தின் தலைவர் சுவரைப் பார்த்து நின்று, மளிகைக் கடை காலண்டரில் ராகுகாலம் படித்தார். விசைகள் தயங்கித் தயங்கித் தட்டப்பட்டன. தப்பு என்று ஒரு சத்தம். சந்தனத்தில் ஒட்டிக்கொண்ட விசையை நகத்தால் நெம்பும் சத்தம். திரும்பவும் தட்டல்.

“ஆச்சு” என்றார், ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி.

திவ்யா உட்கார்ந்தாள். பார்த்தாள். கை அப்படியே நின்றது.

“அப்பா...” என்றாள் மெதுவாக. “மூணா?”

“தலைவரே, டீ சாப்பிடுறீங்களா?” என்றார் திருச்செல்வம்.

“மூணு என்னா?” என்றாள் மீனம்மா. 

“அதான் இது எரும மாதிரி நடந்துச்சா?” திவ்யாவின் விரல்கள் ஓடின. “கூடவே வந்த காவல்காரன இவுங்க மூணு பேரும் சேந்து வெளிய உக்கார வச்சிட்டாங்க. ஒண்ணு போன வருஷத்துது. உங்க மண்டபப் பேச்சுக்கு மறுநாள்.”

“யாரோ ஒருத்தன் கேள்வி கேட்டான்” என்றார் திருச்செல்வம். வேறு யாரிடமும் இல்லை, தரையிடம் சொன்னார். “அப்படியும் வந்துட்டா என்ன செய்வீங்கன்னு கேட்டான். ராத்திரி தூக்கம் வரல.”

பவானேஸ்வரி அவரைப் பார்த்தாள். ஒரே மடிக்கணினியைப் பார்த்து இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு, ஒரே கட்டிலில் படுத்திருந்திருக்கிறார்கள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தன் பயத்தை எடுத்து அவள் வெளியே வைத்தபோது, அவர் தன் பயத்தையும் அதன்மேல் ஏற்றிவிடப் பார்த்தாரே! அது பாவத்தைக் கொஞ்சம் குறைத்தது.

“நிறுத்திட்டேன்” என்றாள் திவ்யா. கேமராக் கண்ணிலிருந்த பொட்டைப் பிய்த்தாள். வைக்க இடமில்லாமல் அம்மாவின் புறங்கையில் ஒட்டினாள். “எல்லாரும் வெளிய போங்க.”

போகிற வழியில் பவானேஸ்வரி குனிந்து கேட்டாள். “அப்ப காலையிலேருந்து அவ எதப் பாத்துக் கத்துனா?”

திவ்யா அவள் காதில் சொன்னாள். பவானேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

*

ஹாலில் டீ ஆறியது. கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் மலாயும் இங்கிலீஷும் கலந்து பேசியது. திவ்யாவின் குரல் முதலில் நடுங்கியது, அப்புறம் நிமிர்ந்தது. மழை விட்டிருந்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. பினாங்குக்கு எப்போது வர முடியும் என்று கேட்டார்கள். அடுத்த மாதமே வருகிறேன் என்றாள். வீட்டில் சம்மதமா என்றார்கள். எல்லோருக்கும் தெரியும் சார் என்றாள்.

“பினாங்கா?” என்றார் திருச்செல்வம்.

பவானேஸ்வரி கையில் ஒட்டியிருந்த பொட்டை நிதானமாக எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

“உனக்குத் தெரியுமா, பவா?”

“இன்னும் கொஞ்சம் சீனி போடவா, அண்ணே?” என்று சாமிக்கண்ணுவிடம் கேட்டாள்.

“வேணாம், தங்கச்சி.” சாமிக்கண்ணு எழுந்தார். திருச்செல்வத்தின் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து, கசங்கின நுனியை நீவி, நான்காக மடித்தார். “ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல தலைப்ப மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம், திரு. மரம் நடுறதப் பத்திப் பேசறீங்களா?”

 திருச்செல்வம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தில் அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த மடிக்கணினியில் வைரஸ் எதுவும் இருக்கவில்லை. மூன்று ஆன்டிவைரஸ் இருந்தன. நேற்று ஏற்றிய மூன்றாவது, காலையிலிருந்து முதல் இரண்டையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.